கணவாய் இறங்கும் அண்ணன்மார்களுக்கு

கம்பைநல்லூர்
11.01.2024

அன்புத் தம்பி அருள்குமாருக்கு அக்கா எழிலரசி எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் பூவிழியும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலம் உள்ளே விடுகிறார்களா என்று எழுது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மனு போட்டுச் சேலம் ஜெயிலில் உன்னைப் பார்த்தேனே, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லாமலே வந்துவிட்டேன். இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் எதைப் பேசுவது? அதனால்தான் கடிதம்.

உன் மகள் பூவிழியைப் பொறுத்தவரை நீ இன்னும் குஜராத்தில்தான் இருக்கிறாய். துறைமுகத்துக்குள் டிரெய்லர் ஓட்டுகிறாய், உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. என் கவருக்குள் அவளுக்கென்று நீ வைத்து அனுப்பும் தாளைக் கொடுத்தால் மூன்று தடவை படிக்கிறாள். "அத்த, அங்க இன்னும் வெயிலு கொறயலயாமா?" என்று என்னிடமே கேட்கிறாள். எட்டாவது படிக்கிற பிள்ளை. தாயும் இல்லாமல் போய்விட்ட பிள்ளையிடம் தினமும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு மனுவில் பார்த்தபோது சொல்லாமல் விட்டது இதுதான். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. தர்மபுரியில் ஓர் அறக்கட்டளை. தொப்பூர் கணவாயில் விபத்தைக் குறைக்க என்று ஆரம்பித்தது. ஆமாம், அந்த இறக்கம்தான். உனக்கு எப்படி இருக்குமோ என்றுதான் வாய் வரவில்லை.

நடத்துகிறவர் மாதவராஜ் சார், ரிட்டயர்டு தலைமை ஆசிரியர். நல்ல மனுஷன், ஆனால் சால்வைப் பைத்தியம். "ஃபேஸ்புக்கு, வாட்ஸ்அப்பு எல்லாம் இனி நீங்க பாருங்கம்மா" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே சால்வைப் படம். சார் ஒருவருக்குப் போர்த்துகிறார், அடுத்த படத்தில் அவர் சாருக்குப் போர்த்துகிறார். பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், அதில் முக்கால்வாசி சாரிடம் படித்தவர்கள். "வாழ்த்துகள் ஐயா" என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். லாரி ஓட்டுகிற ஆள் ஒருத்தர்கூட இல்லை. யாருக்காக நடத்துகிறோமோ அவர்களையே காணோம்.

நீ பதினாறு வருடம் லாரி ஓட்டியவன். டிரைவர் காதில் ஒரு விஷயம் விழ வேண்டும் என்றால் என்ன செய்யலாம், சொல்லேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். சோற்றை மிச்சம் வைக்காதே.

உன் அக்கா,
எழிலரசி

•

மத்திய சிறை, சேலம்
04.02.2024

அக்காவுக்கு, அருள் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. முதுகு பரவாயில்லை. இங்கே தோட்ட வேலை கொடுத்திருக்கிறார்கள், கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விடுகிறேன். உன் ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாயா?

அந்த வேலை உனக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. செய்.

சால்வைப் படத்தை முதலில் நிறுத்து. அடுத்து, நசுங்கிய வண்டிப் படம் போடாதே. பார்த்ததும் விரலால் தள்ளிவிடுவான். நாங்கள் அதை வாரத்துக்கு ஒரு முறை ரோட்டில் நேராகவே பார்க்கிறவர்கள். "விபத்தைத் தவிர்ப்போம்" என்றும் எழுதாதே, எங்கள் வண்டி முதுகிலேயே அது எழுதியிருக்கிறது.

டிரைவர் எப்போது போனைக் கையில் எடுப்பான் என்று யோசி. நீ சாயந்திரம் ஏழு மணிக்குப் போட்டால் அவன் ஸ்டியரிங்கில் இருப்பான். லோடு ஏற்றக் காத்திருக்கும் மத்தியானம்தான் அவனுக்குப் பொழுது போகாது. வண்டி நிழலில் படுத்துக்கொண்டு எதையாவது நோண்டுவான். படிக்கச் சொல்லாதே, கேட்கக் கொடு. ஒரு நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. புத்தி சொல்லாமல் அன்றைக்கு உள்ளதைச் சொல். பாலத்துக்கிட்ட மண் கொட்டியிருக்கிறது, ஒரு பக்கம் அடைத்திருக்கிறார்கள், இந்த மாதிரி. அதற்குத்தான் அவனுக்குக் காது திறக்கும். யாராவது திருப்பிக் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் விடாதே. எங்களுக்கு யாரும் பதில் சொல்வதில்லை அக்கா. டோல்கேட்டில் கேட்டாலும் சரி, கம்பெனி வாசலில் கேட்டாலும் சரி.

அந்த இடத்தைப் பற்றி இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

பாப்பாவுக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். காண்ட்லா துறைமுகத்தில் கப்பல் பார்த்ததாக எழுதியிருக்கிறேன். நான் கடலையே பார்த்தது கிடையாது.

அருள்

•

கம்பைநல்லூர்
09.03.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. உனக்கு உள்ளே ஃபேன் ஓடுகிறதா?

நீ சொன்னபடியே செய்தேன். மத்தியானம் பன்னிரண்டரைக்கு வாட்ஸ்அப்பில் ஓர் ஆடியோ. "கணவாய் இறங்கும் அண்ணன்மார்களுக்கு எழில் அக்கா பேசுகிறேன்" என்று ஆரம்பிப்பேன். அண்ணன் என்கிறாய், அக்கா என்கிறாய், யார் மூத்தது என்று ஒருவர் கேட்டிருந்தார், சிரித்துவிட்டேன். என் இருமலையும் மிக்ஸி சத்தத்தையும் வெட்டி எடுப்பது பூவிழி. அவளுக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு.

முதல் வாரம் நாற்பது பேர்கூடக் கேட்கவில்லை. அப்புறம் நாமக்கல் வண்டி சத்யராஜ் என்று ஒரு டிரைவர், "இரட்டைப் பாலத்துக்கிட்ட லைட்டு எரியுதாக்கா?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? பொழுது சாயப் பஸ் ஏறிப்போய் நின்று பார்த்துவிட்டு வந்து, ரெண்டு எரியவில்லை என்று பதில் போட்டேன். அந்த மனுஷன் அதைத் தன் குரூப்பில் போட்டுவிட்டார். இப்போது பதினேழு டிரைவர் குரூப்பில் என் குரல் ஓடுகிறது. ஒருத்தரையும் பதில் சொல்லாமல் விட்டதில்லை. சார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், சால்வைக்கு மாதம் ஒரு நாள் ஒதுக்கியதும் சமாதானமாகிவிட்டார்.

எத்தனையோ வண்டிக்குள் நான் பேசுகிறேன் அருள், என்னோடு பேச ஒரு ஆள் இல்லை. வீடு மாற்றி வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. யாராவது நெருங்கினால் "தம்பி எங்க?" என்று கேட்பார்களே என்று நானே கதவைச் சாத்திக்கொள்கிறேன். சாயந்திரம் ஆனால் அழுகை வருகிறது.

சார் ஒன்று சொன்னார். தப்பு செய்த டிரைவர் ஒருவர் தன் வாயால் சொன்னால்தான் மற்றவர்களுக்கு உறைக்கும் என்றார். நாலைந்து பேரைக் கேட்டோம், யாரும் முன்வரவில்லை. சும்மா உன்னிடம் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பாப்பாவின் தாள் உள்ளே இருக்கிறது. கப்பல் படம் வரைந்திருக்கிறாள்.

அக்கா

•

கம்பைநல்லூர்
20.04.2024

தம்பி அருளுக்கு,

ஆறு வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்புக்கு முடியவில்லையா? என் மேல் கோபமா? நான் அந்தக் கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது. பிரேக் பிடிக்காத வண்டிக்கு நீ என்ன செய்வாய்? அதைத்தான் கோர்ட்டிலும் சொன்னாய், அவர்கள் நம்பவில்லை. நான் நம்புகிறேன்.

ஈஸ்டருக்கு உன் பேரில் பூசை வைத்தேன். ஒரு வரி போடு.

அக்கா

•

மத்திய சிறை, சேலம்
12.05.2024

அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். கோபம் இல்லை. நீ நம்புகிறேன் என்று எழுதியதால்தான் இதை எழுதுகிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

பிரேக் பிடிக்கவில்லை என்பது உண்மைதான். ஏன் பிடிக்கவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

கணவாய் இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் போட்டுவிட்டால் தானாக உருண்டு போகும், டீசல் மிச்சம். மிச்சப்பட்டது டிரைவருக்கு. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் இறங்கினார், நானும் பதினாறு வருடம் அப்படித்தான் இறங்கினேன். கியரில் இருந்தால் என்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் பிடிக்க ஒன்றுமில்லை, பிரேக் மட்டும்தான். மிதித்து மிதித்து அது சூடேறி, பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. கியர் போடப் பார்த்தேன், அந்த வேகத்தில் விழவில்லை. ஓரமாகப் பைக்கை நிறுத்திவிட்டு ஒரு ஆள் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரனை அமுக்கினேன். அவர் நிமிரவே இல்லை.

நான் மிச்சம் பிடித்தது ரெண்டு லிட்டர் இருக்கும்.

இதைப் போட்டுக்கொள். என் பெயர் வேண்டாம், கைதி நம்பர் வேண்டாம். யார் என்னைத் திட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை. பாப்பா காதில் மட்டும் விழக் கூடாது. அவள் ஒருத்தியிடமாவது நான் நல்லவனாக இருந்துவிட்டுப் போகிறேன்.

அவளுக்கான தாளில் மாம்பழம் மலிவு என்று எழுதியிருக்கிறேன்.

அருள்

•

கம்பைநல்லூர்
25.06.2024

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. உன் மேல் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம், இதை எழுதிவிட்டு அங்கே நீ தனியாக உட்கார்ந்திருப்பாயே என்று நினைத்தேன், கோபம் போய்விட்டது.

பூவிழி பள்ளிக்கூடம் போன நேரத்தில் நானே படித்துப் பதிவு செய்தேன். வெட்டவும் இல்லை ஒட்டவும் இல்லை, இருமலோடு அப்படியே போட்டேன். ஆதாரம் இல்லாவிட்டால் கட்டுக்கதை என்பார்கள் என்று சார் சொன்னார். அதனால் ஃபேஸ்புக்கில் ஆடியோவோடு உன் கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போட்டேன். மேலே எழுதியிருந்த உன் பெயர் மேலும் நம்பர் மேலும் என் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி மறைத்துவிட்டேன். பெரிய சைஸ் பொட்டு, ஒன்றும் தெரியாது.

அருள், நாலாயிரம் பேர் பதில் போட்டிருக்கிறார்கள். பாதிப் பேர் டிரைவர்கள். "நானும் நியூட்ரல்லதாங்க்கா எறங்குவேன்", "எங்க ஓனருக்கு அனுப்பிட்டேன்" என்று குரலிலேயே பேசி அனுப்புகிறார்கள். ஒருவர் அழுதுகொண்டே பேசினார். சத்யராஜ் தன் குரூப்பில் எல்லாரையும் கியரில் இறங்குவதாகச் சொல்லவைத்திருக்கிறார். சார் சால்வையை மறந்துவிட்டார். நான் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், விரல் வலிக்கிறது.

பாப்பாவுக்குப் பரீட்சை. அதனால் இந்த முறை தாள் வைக்கவில்லை.

அக்கா

•

மத்திய சிறை, சேலம்
18.07.2024

அக்காவுக்கு,

சுகம். இங்கே ஒரு வார்டரின் தம்பி லாரி ஓட்டுகிறவர். அவர் போனில் அந்த ஆடியோவைக் கேட்டதாக வார்டர் சொன்னார். நாலு பேர் கியரில் இறங்கினால் போதும்.

பள்ளிக்கூடம் திறந்து பதினைந்து நாள்தானே ஆகியிருந்தது. ஜூன் மாதத்தில் என்ன பரீட்சை அக்கா?

பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா? எதுவானாலும் எழுது.

அருள்

•

மத்திய சிறை, சேலம்
20.08.2024

அக்கா,

முகம் தெரியாத நாலாயிரம் பேருக்கும் பதில் போட்டாய். எனக்கு ஒரு வரி போடு. பயமாக இருக்கிறது.

அருள்

•

கம்பைநல்லூர்
09.09.2024

தம்பி,

பாப்பா உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரெண்டு மாதமாக உன்னைத் தவிக்கவிட்ட பாவி நான்தான்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆடியோ போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை விரல் வலிக்கிறதென்று போனை அவளிடம் கொடுத்து, நான் சொல்லச் சொல்லப் பதில் அடிக்கச் சொன்னேன். அந்தப் படம் மேலேயே இருக்கும் என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை. அவள் எழுந்துபோய், நீ குஜராத்திலிருந்து எழுதிய தாள்களையெல்லாம் எடுத்துவந்து போனுக்குப் பக்கத்தில் பரப்பினாள். நீ பேனாவை அழுத்தி அழுத்தித் தாள் கிழிய எழுதுகிற அதே எழுத்து. "பேரத்தான மறைச்ச அத்த, எழுத்த மறைக்கலயே" என்றாள். அதோடு சரி. அப்புறம் என்னோடு பேசவில்லை. சாப்பிடுகிறாள், ஸ்கூலுக்குப் போகிறாள், வருகிறாள். ஒரே அறையில் இரண்டு பேர் வாய் திறக்காமல் இருப்பதற்கு நான் தனியாகவே இருந்திருக்கலாம்.

பதிவை அழித்துவிடுகிறேன் என்றேன். "அழிக்காத" என்று ஒரே வார்த்தை சொன்னாள்.

போன வாரம்தான் ஒன்றைக் கவனித்தேன். நான் போடாத பதில்கள் பக்கத்தில் இருக்கின்றன. காலையில் நான் சமைக்கிற நேரத்தில் போனை எடுத்து அவள் போட்டிருக்கிறாள். ஒரு ஆள், "இந்த டிரைவரையெல்லாம் வெளியவே விடக் கூடாது" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, "கருத்துக்கு நன்றி அண்ணா. நீங்கள் கியரில் இறங்குங்கள்" என்று அறக்கட்டளை பேரில் போட்டிருக்கிறாள். அதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை. என்னை மன்னித்துவிடு.

எழிலரசி

•

கம்பைநல்லூர்
06.10.2024

அப்பாவுக்கு,

நான் பூவிழி. நல்லா இருக்கேன். காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் 61. உங்களுக்கு முதுகுவலி என்று அத்தை சொன்னது. எனக்கு நீங்கள் எழுதிய தாளில் ஒரு தடவைகூட முதுகுவலி வந்ததில்லை.

எனக்கு உங்கள் மேல் கோபம்தான். ஸ்கூலில் எல்லாரிடமும் கப்பலைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன். இனி என்ன சொல்வது என்று தெரியவில்லை, அதனால் யாரிடமும் பேசுவதில்லை. மத்தியானம் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

அந்த ஆடியோவை நிறைய தடவை கேட்டுவிட்டேன். அதில் டீசல் எத்தனை லிட்டர் என்று இருக்கிறது. வண்டி எந்த இடத்தில் என்று இருக்கிறது. செத்துப்போனவர் மட்டும் "ஒரு ஆள்" என்றுதான் வருகிறார். கமெண்டில் ஒரு அக்கா, "அந்த ஆள் யாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் பதில் போட்டுவிட்டேன், அதற்கு மட்டும் போடவில்லை. அத்தையைக் கேட்டேன், தெரியாது என்றது. தெரியும், சொல்லவில்லை.

அவர் பெயர் என்னப்பா?

பூவிழி

•

மத்திய சிறை, சேலம்
14.10.2024

அன்பு மகள் பூவிழிக்கு அப்பா எழுதுவது.

நான் சுகம். முதுகுவலி இருக்கிறது, ராத்திரியில் கொஞ்சம் அதிகம். இங்கே மழை. நிஜமாகவே மழை.

அவர் பெயர் இளம்பரிதி. வயது இருபத்தேழு. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு ஊர். செல்போன் கடையில் வேலை செய்தார். கல்யாணமாகி எட்டு மாதம். கோர்ட்டில் அவர் மனைவி என் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாளும் அவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெயரைச் சொன்னால் அவர் எழுந்து வந்து என் முன்னால் நிற்பார் என்று பயந்தேன். இத்தனை நாளில் இன்றைக்குத்தான் எழுதியிருக்கிறேன்.

இதைக் கமெண்டில் போடாதே அம்மா. அது அவங்க வூட்டுப் பெயர். அத்தையும் சாரும் நேரில் போய்க் கேட்கட்டும். அவர்கள் சரி என்றால் போடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், திட்டி அனுப்பினால் வாங்கிக்கொண்டு வரச் சொல். கேட்ட அந்த அக்காவுக்கு இப்போதைக்கு வண்டி ஓட்டியவன் பெயரைச் சொல். அதைக் கொடுக்கத்தான் எனக்கு உரிமை இருக்கிறது. அதைப் போட்டால் உன் ஸ்கூலில் தெரிந்துவிடும். அதனால் போடுவதும் போடாமல் இருப்பதும் நீ சொல்வதுதான்.

கோபமாகவே இரு. ஆனால் தனியாகச் சாப்பிடாதே.

இந்தக் கடிதத்தை அத்தை கவரில் வைக்கவில்லை. கவர் மேல் உன் பெயரை எழுதியிருக்கிறேன், அனுப்புகிறவர் இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். தபால்காரர் உன்னைக் கூப்பிட்டுத்தான் கொடுப்பார்.

இப்படிக்கு உன் அப்பா,
ச. அருள்குமார்
தண்டனைக் கைதி
மத்திய சிறை, சேலம்